கூட்டிட்டா, எடுத்துட்டா?

பெரியண்ணன் அரூர் மண்டியில புளி போட்டுட்டு வந்தவரு, வூட்டுக்குக்கூடப் போவாம நேரா எங்கூட்டு வாசல்ல வந்து நின்னாரு. ஒறவு இல்ல, பேரே பெரியண்ணன்தான்; எங்க நெலத்துக்கு அடுத்த நெலம் அவருது.

"சின்னப்பா, உங்க மாப்பிள்ளைய அரூர்ல பாத்தேன், டீக்கடையில. ஆளு எளச்சிட்டாரு. வண்டிய ரெடி பண்ணி வெக்கச் சொன்னாரு. வர்ற மாசம் மொத ஞாயிறு, பூசை முடியற நேரத்துக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

சொல்லிட்டு அவரு பாட்டுக்கு நடையக் கட்டிட்டாரு. அவருக்கென்ன, புளி நல்ல வெலைக்குப் போன சந்தோசம். நாங்க நாலு பேரும் வாசல்ல அப்படியே நின்னோம். நான், எங்கம்மா மிக்கேலம்மா, எம்பொண்டாட்டி இன்னாசியம்மா, அப்புறம் எந்தங்கச்சி லூர்து. லூர்து கேவுரு பொடச்சிக்கிட்டிருந்தா. மொறம் பாதியில நின்னுடுச்சு.

"கூட்டிட்டுன்னா சொன்னாரு?"ன்னா எம்பொண்டாட்டி.

"எடுத்துட்டுன்னு சொல்லியிருப்பாரு. வண்டியப் பத்திதான பேச்சு"ன்னேன்.

"எனக்குக் கூட்டிட்டுன்னுதான் கேட்டுச்சு."

"எனக்கும்"னாங்க எங்கம்மா. எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் காது மந்தம். அதனால அது சாட்சியில சேராது.

வெளியூர்க்காரங்களுக்கு இதுல என்ன இருக்குதுன்னு தோணும். வண்டிய எடுத்துட்டுப் போவலாம், ஓட்டிட்டுப் போவலாம், ஓடலன்னா தள்ளிட்டும் போவலாம். கூட்டிட்டுப் போவ முடியாது. ஆடு மாட்டக்கூட ஓட்டிட்டுத்தான் போறோம். கூட்டிட்டுன்னா அது மனுசரத்தான். எங்கூட்டுல ஏழு வருசமா அந்தாளோட வண்டி ஒண்ணு நிக்குது, அந்தாளோட பொண்டாட்டியும் நிக்குறா. இதுல எதுக்கு ஆளு வர்றாருன்னு தெரிய வேணாமா?

எங்க மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாசு அரூர்ல ஒரு ஆபீசுல கிளார்க்கு. எனக்கு அந்தாளப் புடிக்காது. இத மொதல்லயே சொல்லிப்புடறேன், அப்புறம் சின்னப்பன் ஓரவஞ்சனையா பேசறான்னு யாரும் சொல்லக்கூடாது. எந்தங்கச்சிய ஏழு வருசம் எட்டிப் பாக்காத மனுசன எனக்கு எப்பிடிப் புடிக்கும்?

ஆனா நியாயத்தையும் சொல்லணும். எங்கப்பா கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வாங்கிக் குடுத்தாரு. அப்ப இண்டூர் சுத்துப்பட்டுல அது பெரிய விசயம். எங்கப்பா நல்ல மனுசன், கை தாராளம். குடுத்தத மறக்கத்தான் தெரியாது. "மாப்ள வந்திருக்காருங்க, நான் குடுத்த வண்டியில." "மாப்ள, வெயில்ல நிறுத்தாதீங்க, நான் குடுத்த வண்டி." கோயில்ல சாமியாரு இவரப் பாத்து எப்ப வந்தீங்கன்னு கேட்டா, இவரு வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கப்பா முந்திக்குவாரு. "காலையிலதான் சாமி, நான் குடுத்த வண்டியில." கொழந்தைங்களுக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்தாக்கூட நாம அவ்வளவு தடவ சொல்ல மாட்டோம்.

கல்யாணமான மொத வருசம் தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கெழம. மாப்பிள்ளைக்கு லீவு. சொந்தக்காரங்க, ஒறம்பரைங்க வந்திருந்தாங்க. பந்தி லேட்டாயி சாயங்காலத்துக்குத் தள்ளிடுச்சு. எலையில களியும் மொச்சக்கொட்டக் கொழம்பும். எங்கப்பா ஒறம்பரைங்க பக்கம் திரும்பி, "மாப்ளக்கி இப்ப பஸ்சுக்கு நிக்கற கஷ்டமெல்லாம் இல்லீங்க, நான் குடுத்த வண்டி இருக்குது"ன்னாரு. மாப்பிள்ளை பாதிக் களியோட எந்திரிச்சாரு. கை கழுவுனாரு. உள்ள போயிப் பையத் தூக்கிட்டு வந்தாரு. லூர்து வர்றியான்னு ஒரு வார்த்தை கேக்கல. வண்டிய ஒதச்சாரு, முறுக்குனாரு, போயிட்டாரு. போன சத்தத்துக்குக் கொட்டாயில எங்க எருமை கயித்த அறுத்துக்கிச்சு.

ஏரிக்கரை வரைக்கும் போச்சு வண்டி. அங்க நின்னுடுச்சு.

ஒத ஒதன்னு ஒதச்சிருக்காரு. அசையல. அந்தாளுக்கு வண்டியப் பத்தி ஒதைக்கவும் முறுக்கவும் தவிர ஒண்ணும் தெரியாது. கடைசியில தள்ளிக்கிட்டு வந்தாரு. அன்னிக்குப் பாத்து ஊரே சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிட்டிருக்குது. மேட்டுல ஒரு தடவ நின்னாரு, வேப்பமரத்துக்கிட்ட ஒரு தடவ நின்னாரு. எவனோ ஒருத்தன் "மூணாம் ஸ்தலம்டா"ன்னான். நம்ம ஆண்டவர் மொத தடவ கீழ உழுந்தது மூணாம் ஸ்தலத்துலதான். சனங்க சிரிச்சுது. அந்தாளுக்கும் கேட்டிருக்கும்.

வாசல்ல கொண்டாந்து நிறுத்துனாரு. அதோட உட்டிருந்தாக்கூட போயிருக்கும். எங்கப்பா எந்திரிச்சு வந்து, நெசமாவே ஆச்சரியப்பட்டு, "நான் குடுத்த வண்டி நிக்காதே மாப்ள"ன்னாரு.

மாப்பிள்ளை சொன்னாரு: "உங்க வண்டியையும் நீங்களே வெச்சிக்குங்க, உங்க பொண்ணையும் நீங்களே வெச்சிக்குங்க." சொல்லிட்டு இண்டூருக்கு நடந்து போயி பஸ் ஏறிட்டாரு. அப்புறம் எங்கப்பா செத்தப்ப அடக்கத்துக்கு வந்தாரு. கல்லறையில மண்ணு போட்டாரு. வூட்டுப் பக்கம் வராமயே போயிட்டாரு. கோயில்ல கட்டுன கல்யாணம், அவுக்கவும் முடியாது. சாமியாரு ரெண்டு தடவ ஆள் அனுப்பினாரு. பாக்கலாம் பாக்கலாம்னு பதில் வந்துச்சு.

வண்டிய மாட்டுக் கொட்டாயில ஒரு மூலையில சாத்துனோம். அதுல ஆட்டுக்கயிறு மாட்டுனோம். அதுங் கண்ணாடியப் பாத்துத்தான் நான் ஷேவ் பண்ணுவேன். சீட்டுல ஒரு கோழி குடிவந்து முட்டை வெச்சிக்கிட்டிருந்துச்சு. லூர்து மாத்திரம் வருசா வருசம் குருத்து ஞாயித்துக்கெழம கோயில்ல மந்திரிச்சுக் குடுக்கற குருத்தோலையில சிலுவை பின்னிக் கொண்டாந்து அதோட ஹேண்டில்பாருல கட்டிடுவா. எல்லாரும் ஓலைய வூட்டு நெலையில சொருகுவாங்க. இவ வண்டியில கட்டுவா. ஏன்னு நாங்க கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாளோன்னு பயம்.

சேதி வந்த மறுநா நான் பெரியண்ணன் காட்டுக்குப் போனேன்.

"அண்ணா, நேத்து சொன்னீங்களே. மாப்பிள்ளை கூட்டிட்டுன்னு சொன்னாரா, எடுத்துட்டுன்னு சொன்னாரா?"

"கூட்டிட்டுன்னுதான் காதுல உழுந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவரு மம்பட்டிய நட்டு வெச்சுட்டு யோசிச்சாரு. "வண்டிய ரெடி பண்ணச் சொன்னாரு. அப்புறம் டீய ஒரு மொடக்கு குடிச்சாரு. அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

"நடுவுல லூர்து பேர எதுனா சொன்னாரா?"

"பொண்டாட்டி பேர டீக்கடையில எவனாச்சும் சொல்லுவானா?"

அதுவும் சரிதான். அடுத்த நா எம்பொண்டாட்டி போயிக் கேட்டா. அதுக்கடுத்த நா எங்கம்மா போனாங்க. மூணாவது தடவ பெரியண்ணனுக்குக் கோவம் வந்துடுச்சு. "ஆத்தா, நான் புளி விக்கப் போனவன். அந்தாளு வாயில புடுங்கிட்டு வர்றதுக்கா போனேன்? கூட்டிட்டுன்னாரு, கூட்டிட்டுன்னாரு, கூட்டிட்டுன்னாரு! வேணும்னா உங்க கோயில்லயே வந்து சத்தியம் பண்றேன்."

லூர்து மாத்திரம் பெரியண்ணன் காட்டுப் பக்கம் போவல. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தப்ப வந்து கொட்டாய்க் காலப் புடிச்சிக்கிட்டு நின்னா.

"அண்ணா, வண்டிய நல்லா ரெடி பண்ணிடு."

"நீ போவியா?"

"எனக்குப் போவ ஆசைதான். அந்த ஒரு வருசம் என்ன நல்லாத்தான் வெச்சிருந்தாரு. அப்பா பேச்சுதான் அவருக்குத் தாங்கல." கொஞ்சம் நிறுத்திட்டு சொன்னா, "ஆனா ஒண்ணு. போறப்ப வண்டியையும் என்னையும் ஒரே மூச்சுல உட்டுட்டுப் போனாரு. கூட்டிட்டுப் போறதா இருந்தா எம்மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தையச் சொல்லட்டும். டீக்கடையில சொன்னதெல்லாம் செல்லாது. வண்டிக்கு ஓசியில வந்த சாமானா நான் பின்னால ஏற மாட்டேன்."

எனக்கு அவளப் பாத்து அப்ப ரொம்ப பெருமையா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. ஏன்னா அந்த மாப்பிள்ளை வாயிலருந்து ஒரு நல்ல வார்த்தை வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

இண்டூர் முனிராஜக் கூட்டியாந்தேன். முனிராஜ் ஆயில் இன்ஜின் மெக்கானிக்கு, கெணறு கெணறா போயி பம்புசெட்டு பாக்கறவரு. மோட்டார் சைக்கிளு பாப்பீங்களான்னு கேட்டேன்.

"இன்ஜினு இன்ஜினுதானுங்களே. அது தண்ணிய எறைக்குது, இது மனுசன எறைக்குது"ன்னாரு.

வந்ததும் ஹேண்டில்பாருல தொங்குன காஞ்ச ஓலைக் கத்தையப் புடிச்சு, "இந்தத் தொடப்பத்தத் தூக்கிப் போட்டுடலாங்களா?"ன்னாரு.

"அது இருக்கட்டும்"னா லூர்து சமையக்கட்டுலருந்து.

மொதல்ல கோழியக் காலி பண்ணணும். அது வெளிய போயி வாசல்ல நின்னுக்கிட்டு நாள் பூரா எங்களத் திட்டுச்சு. டயரு ரெண்டும் தொட்டா பொட்டுப் பொட்டா உதுருது, மாத்துனோம். சீட்டப் பிரிச்சா உள்ள பஞ்சுக்குப் பதிலா எலிப் புழுக்கை. சைலன்சருல ஒரு கம்பிய உட்டு இழுத்தாரு முனிராஜ். பூரா எலிக்கூடு. எம்பொண்டாட்டியோட ஜாக்கெட்டுத் துணி, வைக்கோலு, எங்கம்மா கழுத்துல போட்டிருந்து தொலச்ச மாதா உத்தரியம். அந்த உத்தரியத்த எம்பொண்டாட்டிதான் எங்கியோ போட்டுட்டான்னு மாமியாளும் மருமகளும் ஒரு மழைக்காலம் பூரா பேசிக்காம இருந்தாங்க. எங்கம்மா அத வாங்கி ஒதறிப் பாத்துட்டு, "எலிக்கும் மாதா காவல் வேணுமில்ல"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. எம்பொண்டாட்டிகிட்ட மன்னாப்பு ஒண்ணும் கேக்கல.

பிஸ்டன் ஜாம் ஆயி கெடந்துச்சு. பிளக்கக் கழட்டி அந்த ஓட்டையில மண்ணெண்ணெய ஊத்தி ஊற வெச்சோம். கியருல போட்டு, ஆளுக்கொரு பக்கம் புடிச்சு, முன்ன பின்ன முன்ன பின்னன்னு ஆட்டுனோம். தொட்டிலாட்டற மாதிரி ஆட்டறீங்களேன்னு எம்பொண்டாட்டி கிண்டல் பண்ணா. திடீர்னு களுக்குன்னு ஒரு சத்தம், இளகிடுச்சு. எனக்கு நெஞ்சு பூரா ஒரு சந்தோசம். அந்தாளப் புடிக்காதுன்னு சொன்னனே தவிர, வண்டிய எனக்குப் புடிக்கும்.

பாயின்ட்ட உப்புத்தாள் வெச்சுத் தேச்சாரு முனிராஜ். கரண்டு வருதான்னு பாக்க பிளக்கக் கையில புடிச்சிக்கிட்டு என்னை ஒதைக்கச் சொன்னாரு. ஒதச்சேன். அவரு ரெண்டடி பின்னால போயி ஒக்காந்தாரு. "வருதுங்க"ன்னாரு. டாங்க்குல இருந்த பழைய பெட்ரோல கவுத்துக் கொட்டுனோம், வார்னீசு மாதிரி நாத்தம். தருமபுரியிலருந்து கேன்ல புதுப் பெட்ரோல் கொண்டாந்து, ஆயில் கலந்து ஊத்துனோம். இனி ஒண்ணும் பாக்கியில்லன்னாரு. ஒதச்சோம். மாத்தி மாத்தி ஒதச்சோம். எங்கம்மாகூட ஒரு தடவ ஒதைக்கறேன்னாங்க. ஸ்டார்ட் ஆவல.

முனிராஜ் கார்புரேட்டரக் கழட்டிப் பாத்தாரு. ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல. டாங்க்கு நெறைய இருக்குது, கீழ ஒரு சொட்டு எறங்கல.

"டேப்பு போச்சுங்க. உள்ள துரு அடச்சிக்கிச்சு. ஒடச்சுத்தான் எடுக்கணும்"னு சுத்தியலையும் உளியையும் எடுத்தாரு. டாங்க்குக்குக் கீழ பெட்ரோல் எறங்கற எடத்துல ஒரு சின்னக் கொழா இருக்கும், அதுதான் டேப்பு. அதோட திருப்பற கைப்பிடி எப்பவோ முறிஞ்சு போயி வெரல் நுனி அளவுக்கு ஒரு குச்சம்தான் மிச்சம். எந்தப் பக்கம் பாத்திருக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

"ஒடைக்காதீங்க"ன்னு சத்தம். லூர்து கையில மாவோட ஓடியாந்தா. "அது மூடியிருக்குது."

குனிஞ்சா, அந்தக் குச்சத்த ரெண்டு வெரல்ல புடிச்சு ஒரு திருப்புத் திருப்புனா. பெட்ரோல் கடகடன்னு எறங்குச்சு.

முனிராஜ் உளியக் கீழ வெச்சாரு. "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்"னாரு.

அடுத்த ஒதையில பத்திக்கிச்சு. கொட்டாய் பூரா வெள்ளப் பொகை. நெருப்புப் புடிச்சிடுச்சுன்னு எங்கம்மா கொடத்தோட ஓடியாந்து முனிராஜ் மேல ஊத்திட்டாங்க. எருமை மறுபடியும் கயித்த அறுத்துக்கிச்சு. லூர்து பொகைக்குள்ள நின்னு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தா.

முனிராஜ் ஈரத்தோட டீ குடிக்கப் போனப்புறம் நான் கேட்டேன். "ஏம்மா லூர்து, அது மூடியிருக்குதுன்னு உனக்கெப்பிடித் தெரியும்?"

"பாத்திருக்கேன்."

"அந்தாளு ஒரு நாளும் டேப்ப மூட மாட்டாரே. எங்க நிறுத்துனாலும் அடியில பெட்ரோல் சொட்டிக்கிட்டுத்தான இருக்கும்? அப்படி ஒண்ணு இருக்குதுன்னே அவருக்குத் தெரியாதே."

அவ மாவு காஞ்ச கையச் சொரண்டிக்கிட்டே இருந்தா. "வண்டி குடுக்க வந்த ஆளு சொல்லித்தான் குடுத்தான். இவரு அப்ப கண்ணாடியப் பாத்துத் தலை சீவிக்கிட்டிருந்தாரு. நான் கேட்டுக்கிட்டிருந்தேன்." அப்புறம் சொன்னா, "அன்னிக்கு நான்தான் மூடுனேன்."

"என்னது?"

"பையெடுக்க உள்ள போனாரு. நான் வண்டிகிட்ட நின்னேன். மூடிட்டேன். கொஞ்ச தூரம் போயி நின்னுடும், கோவம் ஆறித் திரும்பி வருவாரு, அப்ப பேசிக்கலாம்னு பாத்தேன். வந்தாரு. ஆனா ஊரு சிரிச்சுப்புடுச்சு. அப்பா வேற அந்த வார்த்தையச் சொல்லிட்டாரு."

"இத இத்தன வருசத்துல யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? எம்புருசன் என்ன உட்டுட்டுப் போவக்கூடாதுன்னு டேப்ப மூடுனேன்னா? அடுத்த வாரம் வருவாரு, அவருகிட்டயே சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவரு வல்ல." இத்தன வருசத்துல அவ அழுது நான் பாத்ததில்ல. அன்னிக்கு அழுதா.

எனக்கு மண்டை சூடாயிடுச்சு. ஒரு குச்சத்துக்காகவா எந்தங்கச்சி ஏழு வருசம் மொறம் பொடச்சிக்கிட்டிருந்தா? அவளத் திட்டறதா, அந்தாளத் திட்டறதா, செத்துப்போன அப்பனத் திட்டறதான்னு தெரியல. வண்டியத் தொடச்சேன். தொடச்ச எடத்தயே தொடச்சிக்கிட்டிருந்தேன்.

மொத ஞாயிறு வந்துச்சு. பூசை உட்டு சனங்க தெருவுல எறங்கற நேரத்துக்கு மாப்பிள்ளை இண்டூரிலருந்து நடந்து வந்தாரு. வெள்ளச் சட்டை, தேச்ச பேன்ட்டு. முடி முன்னால கொட்டிப்போச்சு. பெரியண்ணன் சொன்ன மாதிரி எளச்சிட்டாரு.

"வாங்க மாப்ள"ன்னேன்.

"வரேங்க"ன்னாரு.

எங்கம்மா காபி குடுத்தாங்க. குடிச்சாரு. லூர்து கதவுக்கு உள்பக்கம் நின்னா, புதுச் சேலையில. பைய முந்தின நாளே கட்டி கதவுக்குப் பின்னால வெச்சிருந்தா. அது அவருக்குத் தெரியாது. அவரு கண்ணு மூணு தடவ கதவுப் பக்கம் போச்சு, மூணு தடவயும் திரும்பி காபி லோட்டாவுக்கே வந்துடுச்சு. யோவ், வாயத் தொறய்யான்னு எனக்கு உள்ளுக்குள்ள கெடந்து துடிக்குது. நானா கேட்டா லூர்து என்னைக் கொன்னுப்புடுவா.

பேச ஆளில்லாத எடத்துல முனிராஜ் பேசுனாரு. வண்டியக் காட்டறதுக்குன்னே வந்திருந்தாரு. "சார், இங்க குனிஞ்சு பாருங்க சார். இதுதான் பெட்ரோல் டேப்பு. இந்தக் குச்சம் இப்பிடி இருந்தா தொறந்திருக்குது, இப்பிடி இருந்தா மூடியிருக்குது. மூடிட்டா கார்புரேட்டருல இருக்கற பெட்ரோலுக்கு ஒரு பர்லாங்கு ஓடும், அப்புறம் நின்னுடும். அன்னிக்கு உங்க வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல சார். எவனோ மூடி உட்டிருக்கான். நான் வந்து பாத்ததும் கண்டுபுடிச்சுட்டேன்."

மாப்பிள்ளை குனிஞ்சவரு நிமிரவேயில்ல. "யாரு மூடுனது?"

கதவு லேசா அசஞ்சுது.

"மாடு முட்டியிருக்கும்"னாங்க எங்கம்மா.

"மாடா?"

"எருமை. அது பொல்லாதது."

அவரு தலைய ஆட்டிக்கிட்டாரு. காபிக்கு இன்னும் கொஞ்சம் சக்கர வேணுமான்னு எங்கம்மா கேட்டாங்க. வேணாங்க அத்தைன்னாரு. வூட்டச் சுத்திக் கொல்லப்பக்கம் போயி மொகம் கழுவிட்டு வந்தாரு. வாசல்ல நின்னாரு, வானத்தப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு. ஹேண்டில்பாருல இருந்த ஓலைக் கத்தையத் தொட்டுப் பாத்தாரு. என்னான்னு கேக்கல. கடைசியில தொண்டையச் செருமிக்கிட்டு, "அப்ப நான் கெளம்பறேங்க"ன்னாரு.

"வண்டிய எடுத்துட்டுப் போறீங்களா?"ன்னாங்க எங்கம்மா.

"ம்"ன்னாரு.

அவ்வளவுதான். ஒதச்சாரு, பத்திக்கிச்சு, போயிட்டாரு. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. எடுத்துட்டுப் போவ வந்த நாயிக்கு நான் ஒரு மாசமா எலிப் புழுக்கை அள்ளியிருக்கேன்! பெரியண்ணனப் புடிச்சு ஏரியில தள்ளணும்னு தோணுச்சு. லூர்து கதவத் தாண்டி வெளிய வந்து நின்னா. மொகத்துல ஒண்ணும் இல்ல. எம்பொண்டாட்டிதான் முந்தானைய வாயில வெச்சிக்கிட்டு அழுதா.

வண்டி சத்தம் தெருவத் தாண்டுச்சு. மேட்டத் தாண்டுச்சு. ஏரிக்கரை வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல.

நான் லூர்தப் பாத்தேன். லூர்து கோழியப் பாத்துக்கிட்டிருந்தா.

"மூடிட்டியா?"

"மொகம் கழுவப் போனாருல்ல"ன்னா.

முனிராஜ் தலையில கைய வெச்சிக்கிட்டாரு. எனக்கு அப்பதான் ஒண்ணு ஒறச்சுது. அன்னிக்கு மாதிரி இல்ல இது. இப்ப அந்தாளுக்கு டேப்பு தெரியும். குனிஞ்சு ஒரு திருப்புத் திருப்பினா போதும், அரூருக்குப் போயிடலாம். யாரையும் பாக்க வேணாம், யாருகிட்டயும் பேச வேணாம். லூர்துக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் மூடியிருக்கா.

காத்துக்கிட்டிருந்தோம், திரும்ப சத்தம் கேக்குமோன்னு. கேட்டுடக்கூடாது ஆண்டவரேன்னு நான் அருள் நிறைந்த மரியே ஜெபம் ஆரம்பிச்சேன், பாதியில மறந்துபோச்சு. மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிச்சேன். தெருவுல சனங்க நின்னு ஏரிப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

மேட்டு மேல வெள்ளச் சட்டை தெரிஞ்சுது. தள்ளிக்கிட்டு வந்தாரு.

"சார்! டேப்பு சார்! டேப்பத் தொறங்க சார்!"னு முனிராஜ் கத்துனாரு. மாப்பிள்ளை காதுல போட்டுக்கல. வேப்பமரத்துக்கிட்ட ஒரு தடவ நின்னு மூச்சு வாங்குனாரு. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. ஊரே ரெண்டு பக்கமும் நிக்குது. அன்னிக்கு மூணாம் ஸ்தலம்னு சொன்னவனும் அங்கதான் நின்னான், இப்ப அவனுக்கு மூணு புள்ளைங்க. வாயத் தொறக்கல. ஒருத்தரும் சிரிக்கல.

வாசல்ல கொண்டாந்து ஸ்டேண்டு போட்டாரு.

"டேப்பு மூடியிருந்துச்சு"ன்னாரு.

"எருமை..."ன்னு ஆரம்பிச்சாங்க எங்கம்மா.

"எருமை இல்லீங்க அத்தை." லூர்த நேராப் பாத்தாரு. "நீதான?"

"நான்தான்."

"அன்னிக்கும்?"

"அன்னிக்கும் நான்தான்."

அவரு மொகத்தத் தொடச்சாரு. தொடச்சிக்கிட்டே இருந்தாரு.

"இன்னிக்குத்தான் தெரியுமில்ல"ன்னா லூர்து. "தொறந்துக்கிட்டுப் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம். கை வெச்சேன். வெச்ச கைக்குத் திருப்ப மனசு வல்ல." அப்புறம் ஊரு பூரா கேக்கற மாதிரி சொன்னாரு, "நான் வண்டிக்கு வரல லூர்து. உன்னக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன். அன்னிக்கு உங்கப்பாகிட்ட பேசுனதுக்கு இந்தத் தெருவுல எப்பிடி வந்து நிக்கறதுன்னு தெரியாமயே வருசம் ஓடிப்போச்சு. இன்னிக்கும் வந்து ஒக்காந்தா வாயே வல்ல."

கூட்டத்துல பின்னாலருந்து ஒரு சத்தம். பெரியண்ணன். "நான் அப்பவே சொன்னேனா இல்லியா? கூட்டிட்டு! கூட்டிட்டுன்னுதான் சொன்னாரு!"

லூர்து உள்ள போனா. பையோட வெளிய வந்தா. எங்கம்மா அவ நெத்தியில சிலுவை போட்டாங்க, அவரு நெத்தியிலயும் போட்டாங்க. அவ பின்னால ஏறி ஒக்காந்து பைய மடியில வெச்சிக்கிட்டா. அந்தாளு ஒதைக்கக் கால வெச்சாரு.

"இருங்க மாப்ள"ன்னு நான் குனிஞ்சு டேப்பத் தொறந்து உட்டேன். நிமுந்தப்ப அந்தாளு என்னப் பாத்து, "மச்சான், ஒங்க வண்டி, பத்திரமாப் பாத்துக்கறேன்"னாரு.

"எங்க வண்டி இல்லீங்க. ஒங்க வண்டி"ன்னேன்.

எனக்கு இப்பவும் அந்தாள அவ்வளவா புடிக்காது. ஆனா ஒரு திருப்புல போயிருக்கலாம், போவாம தள்ளிக்கிட்டு வந்தாரு. அத நான் சொல்லியாவணும். சத்தம் மேட்டத் தாண்டுச்சு. ஏரிக்கரைக்குப் போனதும் நாங்க எல்லாரும் மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னோம். எங்கம்மா நல்ல காதத் திருப்பி வெச்சிக்கிட்டாங்க.

"தாண்டிடுச்சாடா?"ன்னாங்க.

"தாண்டிடுச்சும்மா"ன்னேன். சொல்றப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு.